திரும்பப் பெற முடியாத புள்ளிகள்

1

டயாப்லோ 2 விளையாட்டு 2000-இல் வந்தது. அடுத்த ஆண்டு 'லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' என்ற விரிவாக்கத்தில் இரண்டு புதுப் பாத்திரங்கள் சேர்ந்தன. ஒன்று அசாசின், மற்றது ட்ரூயிட். ட்ரூயிட் இயற்கையின் மந்திரக்காரர். சூறாவளியை வரவழைப்பார், நிலத்தைப் பிளந்து நெருப்பைக் கக்க வைப்பார், அண்டங்காக்கைகளைக் கூப்பிடுவார், தேவைப்பட்டால் தானே ஓநாயாக மாறிவிடுவார்.

விளையாடாதவர்களுக்காகக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரக்கர்களைக் கொன்றால் அனுபவம் சேரும். போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு லெவல் ஏறும். லெவலுக்கு ஒரு புள்ளி கிடைக்கும். அதை ஏதாவது ஒரு திறனில் போட வேண்டும். ட்ரூயிடுக்கு மூன்று திறன் மரங்கள், மரத்துக்குப் பத்துத் திறன்கள், ஒவ்வொன்றிலும் 20 புள்ளிவரை போடலாம். எல்லாவற்றையும் நிரப்ப வேண்டுமென்றால் 600 புள்ளிகள் வேண்டும். கடைசி லெவல் 99. முதல் லெவலுக்குப் புள்ளி கிடையாது, ஆகவே 98. நடுவில் சில பணிகளை முடித்தால் இன்னொரு 12. மொத்தம் 110. அதுவும் 99-ஐத் தொட்டால்தான். பெரும்பாலானோர் அதற்கு வெகு முன்பே நின்றுவிடுவார்கள்.

ஆக, ஆசைப்படக்கூடியதில் ஐந்தில் ஒரு பங்குகூடக் கைக்கு வராது. ஐந்து திறன்களை முழுசா வளர்க்கலாம், கொஞ்சம் மிஞ்சும், அவ்வளவுதான். மீதி எல்லாம் திரையில் சாம்பல் நிறத்தில் கடைசிவரை அப்படியே இருக்கும்.

இதில் ஒரு கொடுமையான விதியும் இருந்தது. போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க முடியாது. 2010-இல் வந்த 1.13 பேட்ச்வரை, கிட்டத்தட்ட பத்து வருடம், இதுதான் நிலைமை. தப்பான இடத்தில் போட்டுவிட்டோம் என்று எண்பதாவது லெவலில் தெரிந்தால், அந்த ட்ரூயிடை அப்படியே விட்டுவிட்டு முதல் லெவலில் புதிதாக ஒருவரைத் தொடங்க வேண்டியதுதான்.

ஒரு கேம்ல பாயிண்ட் போடறதெல்லாம் ஒரு தத்துவப் பிரச்சினையா என்று கேட்கலாம். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. குறைந்த வளம், முழுதாகத் தெரியாத எதிர்காலம், திரும்பப் பெற முடியாத முடிவு. இந்த மூன்றையும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்தெடுத்து நம் முன்னால் வைக்கும் இடம் வாழ்க்கையில் வேறு எங்கும் இல்லை. வாழ்க்கையில் இதே மூன்றோடு சொந்தக்காரர்கள், கடன், வெட்கம் எல்லாம் கலந்து வரும். இங்கே அவை இல்லாததால் கேள்வியைத் தனியாகக் கேட்க முடிகிறது: ஒரு தேர்வுக்கு மதிப்பைத் தருவது அதைத் திருப்ப முடியாது என்பதுதானா?

2

ஆமாம் என்று சொல்பவர்கள் நிறையப் பேர் உண்டு. பழைய ஆட்டக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் கை நடுங்கும், இப்போது எல்லாம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அதனால் எதற்கும் கனமில்லை என்பார்கள். இந்த வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருவோம். முதலில், அந்தக் கை நடுக்கம் மனிதர்களை உண்மையில் என்ன செய்ய வைத்தது என்று பார்ப்பது நல்லது.

இரண்டு விஷயங்கள் நடந்தன. முதலாவது, சேமிப்பு. ட்ரூயிடின் காற்று மந்திரங்களில் சிறந்தவையான டொர்னேடோ 24-ஆம் லெவலிலும் ஹரிக்கேன் 30-ஆம் லெவலிலும்தான் திறக்கும். புள்ளியை முன்னாடியே வேறு எதிலாவது போட்டுவிட்டால் பின்னால் பற்றாக்குறை வரும். ஆகவே பலர் கிடைத்த புள்ளிகளைச் செலவழிக்காமல் மூட்டை கட்டி வைத்துக்கொண்டு, பலமே இல்லாத ஒரு ட்ரூயிடாக முதல் முப்பது லெவலை ஒப்பேற்றுவார்கள். புயலை ஆளப் பிறந்த ஒருவர் கட்டையால் அடித்துக்கொண்டு திரிவார். எதிர்காலத்தில் தவறிவிடக் கூடாது என்பதற்காக நிகழ்காலத்தை விளையாடாமலே கடப்பது. இது நமக்கு எங்கேயோ பழக்கப்பட்ட ஆள் மாதிரி இல்லை? "இப்ப கஷ்டப்பட்டுப் படி, அப்புறம் லைஃப்ல ஜாலியா இருக்கலாம்" என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ட்ரூயிடை நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, நகல். திருப்ப முடியாத முடிவை யாரும் தனியாக எடுக்க விரும்புவதில்லை. "மச்சி, பில்ட் சொல்லு" என்பதுதான் முதல் கேள்வி. டொர்னேடோ 20, ஹரிக்கேன் 20, சைக்ளோன் ஆர்மர் 20, ட்விஸ்டர் 20, மிச்சத்தை ஓக் சேஜில் கொட்டு. பதில் இதோ. இனி லெவல் ஏறும்போதெல்லாம் பட்டியலைப் பார்த்து நிரப்பினால் போதும்.

பிறர் சொல்லைக் கேட்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவர் சொன்ன மாத்திரையைத்தான் எல்லோரும் சாப்பிடுகிறோம். ஒவ்வொன்றையும் தானே சோதித்துத்தான் நம்புவேன் என்பவர் ரொம்ப நாள் உயிரோடிருக்க மாட்டார். கவனிக்க வேண்டியது வேறு: கனமான தேர்வு வேண்டும் என்பதற்காகப் போற்றப்பட்ட அந்த விதி, நடைமுறையில் தேர்வையே ஒழித்துவிட்டது. ஒருவரும் தேர்ந்தெடுக்கவில்லை. பாதிப் பேர் தள்ளிப்போட்டார்கள், பாதிப் பேர் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பயம் மனிதர்களை ஆழமாக்கும் என்று நினைக்கிறோம், பெரும்பாலும் அது ஒரே மாதிரி ஆக்குகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2003-இல் 1.10 பேட்ச் வந்தபோது சினர்ஜி என்ற புது விதி நுழைந்தது. ஒரு திறனில் போட்ட புள்ளி, அதோடு உறவுள்ள இன்னொரு திறனையும் வலுவாக்கும். நல்ல விதிதான். ஆனால் அதற்கு முன்பு பார்த்துப் பார்த்துப் புள்ளிகளைப் பரப்பிப் போட்டிருந்தவர்களின் நிலை? அவர்கள் தவறு எதுவும் செய்யவில்லை. அன்றிருந்த உலகத்துக்கு அது சரியான முடிவு. உலகம் மாறியது, முடிவு மாற முடியவில்லை. யோசித்துச் செய்தால் போதும் என்ற அறிவுரை எங்கே முடிகிறது என்பதற்கு இதைவிடச் சின்ன உதாரணம் கிடைக்காது. எவ்வளவு யோசித்தாலும், இன்னும் எழுதப்படாத விதியை யோசிக்க முடியாது.

3

சரி, பட்டியல் எதுவும் இல்லாமல், உண்மையாகவே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்தால் அவர் முன்னால் என்ன இருக்கிறது?

மூன்று மரங்கள். அவற்றை மூன்று விதமான தாக்குதல்கள் என்று படிப்பது வழக்கம். இயற்கையோடு மனிதர் வைத்துக்கொள்ளக்கூடிய மூன்று உறவுகள் என்றும் படிக்கலாம். முதல் மரத்தில் இயற்கை நம் கட்டளைக்குப் பணிகிறது. நெருப்பும் காற்றும் குளிரும் நம் கையில் ஆயுதங்கள். இரண்டாவது மரத்தில் நாமே விலங்காகிறோம். ஓநாயாகவோ கரடியாகவோ மாறியபின் பெரும்பாலான மந்திரங்களைச் சொல்ல முடியாது. வாய் போய் நகம் வருகிறது. மூன்றாவது மரத்தில் பிற உயிர்களோடு சேர்ந்து போகிறோம். காக்கைகள், ஓநாய்கள், ஒரு கரடி, தரைக்கடியில் நகரும் கொடிகள், கூடவே மிதந்துவரும் ஓர் ஆவி. ஆவிகள் மூன்று வகை, ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஓக் சேஜ் என்கிற ஆவி கூட்டத்தில் எல்லோருடைய உயிரளவையும் கூட்டும். அதற்கும் உயிர் உண்டு, அடி பட்டால் சாகும். நம்மைக் காப்பாற்றுவதை நாம் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

கட்டளையிடுவது, ஆகிவிடுவது, கூடவாழ்வது. இவற்றில் எது சிறந்தது என்பதற்கு எந்த அளவுகோலை வைப்பது?

தத்துவவாதி ரூத் சாங் கடினமான தேர்வுகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவர் சொல்வதன் சாரம் இது: இரண்டு வழிகளில் எதுவும் மற்றதைவிடச் சிறந்ததில்லை, ஆனால் இரண்டும் சமமும் இல்லை என்ற நிலை ஒன்று உண்டு. சமம் என்றால் ஒன்றில் சிறு லாபம் கூடினாலே தராசு சாய்ந்துவிட வேண்டும். கடினமான தேர்வுகளில் அப்படிச் சாய்வதில்லை. ஓவியம் படிப்பதா சட்டம் படிப்பதா என்று தவிப்பவருக்குச் சட்டக் கல்லூரியில் ஆயிரம் ரூபாய் கட்டணச் சலுகை கிடைத்தால் தவிப்பு தீராது. அங்கே காரணங்கள் தீர்ந்துபோகின்றன. அதற்குமேல் நாம்தான் ஒரு பக்கம் நின்று, அந்தப் பக்கத்துக்கான காரணத்தை உருவாக்குகிறோம்.

சினர்ஜி விதி இதை அழகாகக் காட்டுகிறது. முதல் புள்ளியைப் போடும்போது காரணம் என்று பெரிதாக எதுவும் இல்லை. காற்று பிடித்திருக்கிறது, அல்லது ஓநாய் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஐம்பதாவது புள்ளியைப் போடும்போது காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. ஏற்கெனவே ட்விஸ்டரில் போட்டது டொர்னேடோவைத் தூக்கிவிடுகிறது, டொர்னேடோவில் போட்டதால் சைக்ளோன் ஆர்மருக்கு மதிப்புக் கூடுகிறது. இந்தக் காரணங்கள் முதலில் உலகத்தில் இல்லை. முன்பு எடுத்த முடிவுகள்தான் அவற்றைக் கொண்டுவந்தன. ஒருவருடைய குணம் என்று நாம் சொல்வதும் அநேகமாக இப்படித்தான் சேர்கிறது. தொடக்கத்தில் லேசான சாய்வு, பிறகு அந்தச் சாய்வே காரணமாகிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். இது வெறும் பிடிவாதம் இல்லையா? போட்ட பணம் போய்விடுமே என்று நஷ்டக் கடையை நடத்திக்கொண்டே இருப்பவர் மாதிரி? இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும். "இதுவரை எத்தனை புள்ளி போட்டிருக்கிறேன்" என்று கேட்டுத் தொடர்ந்தால் அது நஷ்டக் கடை. "அடுத்த புள்ளி இங்கே என்ன செய்யும், வேறு இடத்தில் என்ன செய்யும்" என்று கேட்டு, இங்கேதான் அதிகம் செய்யும் என்ற பதில் வந்து, அதனால் தொடர்ந்தால் அது சினர்ஜி. பி.இ. மூன்றாம் ஆண்டில் படிப்பு ஒட்டவே இல்லை என்று உணரும் ஒருவரிடம், மூணு வருஷம் படிச்சாச்சு, இன்னும் ஒரு வருஷம்தானே என்று வீட்டில் சொல்வார்கள். அந்த வாக்கியத்தின் முதல் பாதி நஷ்டக் கடைக் கணக்கு. இரண்டாம் பாதியில் ஒரு நியாயம் இருக்கக்கூடும், ஏனென்றால் அது இனிமேல் செலவாகப்போவதைப் பற்றியது. நாம் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம், அதனால்தான் பாதி வீடுகளில் இந்தப் பேச்சு சண்டையில் முடிகிறது.

4

எண்களைப் பார்த்து முடிவெடுக்கலாமே என்றும் சிலர் சொல்வார்கள். அடுத்த லெவலில் இவ்வளவு சேதம், இவ்வளவு நேரம் என்று திரையிலேயே காட்டுகிறார்களே. காட்டுகிறார்கள்தான். ஆனால் டொர்னேடோவோடு நூறு மணிநேரம் வாழ்வது எப்படியிருக்கும் என்பது அந்த எண்ணில் இல்லை. அந்தச் சூறாவளி நாம் சுட்டிய இடத்துக்கு நேராகப் போகாது. அது பாட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்துகொண்டே போகும். அதை ரசிப்பவர்களும் உண்டு, எரிச்சலில் கைவிட்டவர்களும் உண்டு. எந்த வகை ஆள் என்பது கொஞ்ச காலம் அதோடு இருந்தபின்தான் தெரியும்.

எல்.ஏ. பால் என்ற தத்துவவாதி 2014-இல் எழுதிய புத்தகம் இந்த இடத்தைத்தான் தோண்டுகிறது. உங்களுக்கு ரத்தக்காட்டேரியாக மாறும் வாய்ப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாறினால் திரும்ப முடியாது. ஏற்கெனவே மாறிவிட்ட நண்பர்கள் எல்லோரும் பிரமாதமாக இருக்கிறது என்கிறார்கள். அவர்கள் சொல்லை நம்பலாமா? மாறியபின் அவர்களுடைய ஆசைகளும் மாறிவிட்டன. காட்டேரிக்குக் காட்டேரியாக இருப்பது பிடிக்கத்தானே செய்யும். மாறாத உங்களுக்கு அது பிடிக்குமா என்பதற்கு அந்தச் சாட்சி செல்லாது. நீங்களாகவே கற்பனை செய்து பார்க்கவும் முடியாது, அந்த அனுபவம் உங்களிடம் இல்லை. குழந்தை பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதும் இந்த வகைக் கேள்விதான் என்கிறார் பால். பெற்றவர்கள் சொல்லும் சாட்சி பெற்றவர்களுடையது.

ஓநாயாக மாறும் ட்ரூயிடைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் காட்டேரி நினைவுக்கு வரும். எண்களைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் மனிதர், அந்தத் தேர்வோடு வாழப்போவது ஓநாய்.

நிஜ ட்ரூயிடுகளைப் பற்றி ஜூலியஸ் சீசர் கால் நாட்டுப் போர்க்குறிப்புகளில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். அவர்களுடைய பயிற்சியில் சிலர் 20 ஆண்டுகள்வரை இருந்தார்களாம். கற்ற பாடல்களை எழுதி வைக்கும் வழக்கமும் இல்லை, மனப்பாடம்தான். அந்த மாணவர்களில் ஒருவர் பதினெட்டாவது ஆண்டில், நமக்கு இது சரிப்படவில்லையே என்று நினைத்திருப்பாரா? நினைத்திருந்தால் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பார்? அந்தக் காடுகளில் அதற்கு ஒரு ஏற்பாடு இருந்ததா என்பதைச் சீசர் எழுதவில்லை.

5

தேர்வை அளப்பது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. டயாப்லோ 2-இல் மூன்று கடினநிலைகள் உண்டு: நார்மல், நைட்மேர், ஹெல். நார்மலில் எந்த ட்ரூயிடும் தாக்குப்பிடிக்கலாம். நெருப்பு ட்ரூயிட் அங்கே ராஜா. ஹெல்லுக்குப் போனதும் நெருப்பே படாத அரக்கர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். நெருப்பில் மட்டும் புள்ளி போட்டவர் அவர்கள் முன்னால் செய்வதறியாமல் நிற்பார். அதனால்தான் நெருப்பு ட்ரூயிட் மோசமான பில்ட், காற்று ட்ரூயிட் நல்ல பில்ட் என்ற பேச்சு பல வருடம் நிலைத்தது.

மோசம் என்பது உண்மைதானா? ஹெல்லை வேகமாக முடிப்பதுதான் அளவுகோல் என்றால் உண்மை. ஆனால் அந்த அளவுகோலை யார் கொடுத்தது என்று கேட்காமலே நாம் ஏற்றுக்கொண்டோம். சி. தி நுயென் என்ற தத்துவவாதி 2020-இல் விளையாட்டுகளைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒன்றைச் சொல்கிறார். வாழ்க்கையில் எதற்காக ஓடுகிறோம் என்பது எப்போதும் மங்கலாக இருக்கும், விளையாட்டு அதைத் தெளிவான ஓர் எண்ணாக்கித் தருகிறது, அதுதான் அதன் இன்பம். ஆபத்தும் அங்கேதான். விளையாட்டில் அந்தத் தெளிவைத் தற்காலிகமாகப் போட்டுக்கொள்கிறோம், முடிந்ததும் கழற்றிவிடலாம். வெளியுலகத்தில் கழற்ற மறந்துவிடுகிறோம். படிக்கப் போனவர் மதிப்பெண்ணுக்காக ஓடுகிறார், எழுத வந்தவர் லைக்குக்காக எழுதுகிறார். நம் விழுமியத்தை வெளியே இருக்கும் ஓர் எண் பிடித்துக்கொள்கிறது.

நெருப்பு பிடித்ததால் நெருப்பில் போட்டு, நார்மலில் எரிமலைகளை வெடிக்க வைத்து, ஹெல் வேண்டாம் என்று அதோடு நிறுத்திக்கொண்ட ஒருவர் எதில் தோற்றார்? எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் கடைசிவரை காக்கைகளும் ஓநாய்களுமாகத்தான் விளையாடினார். "தனியா சண்டை போடறது போரடிக்குதுடா, கூட நாலு பேர் ஓடி வரணும்" என்பார். அந்தக் காரணத்தை எந்தப் பட்டியலும் எண்ணாது. அது காரணம்தான்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அளவுகோலை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது, நார்மலோடு நிறுத்திக்கொள்ள முடிகிறவர்களுக்குத்தான். வாழ்க்கையின் ஹெல் பல பேரைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வேலை போகிறது, அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகிறது. அப்போது 'எனக்குப் பிடித்ததைத்தான் செய்தேன்' என்பது ஆறுதலாக இருக்கலாம், கவசமாக இருக்காது. பிள்ளைகளுக்காகப் பயந்து பட்டியலைக் கையில் திணிக்கும் பெற்றோரை இந்த இடத்தில் என்னால் கேலி செய்ய முடியவில்லை. அவர்கள் ஹெல்லைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

6

2010-இல் விதி தளர்ந்தது. முதல் பணியை முடித்தால் அகாரா என்ற முதிய பூசாரி, கடினநிலைக்கு ஒரு முறை, எல்லாப் புள்ளிகளையும் திருப்பித் தருவார். ரீஸ்பெக் என்று பெயர். 2012-இல் வந்த மூன்றாம் பாகத்தில் புள்ளி போடுவதே இல்லை, திறன்களை நினைத்தபோது மாற்றிக்கொள்ளலாம். 2023-இல் நான்காம் பாகத்தில் ட்ரூயிட் மறுபடி வந்தார், புள்ளிகளும் வந்தன, தங்கம் கொடுத்தால் திரும்பப் பெறலாம். இருபத்து மூன்று ஆண்டுகளில் ஒரே தொடர் நான்கு பதில்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறது: திருப்பவே முடியாது, சில தடவை முடியும், எப்போதும் முடியும், விலை கொடுத்தால் முடியும்.

பழைய ஆட்டக்காரர்களின் வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது என்றேன். டேனியல் கில்பர்ட், ஜேன் ஈபர்ட் என்ற உளவியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புகைப்பட வகுப்பு மாணவர்கள் தாங்கள் எடுத்த இரண்டு படங்களைப் பிரிண்ட் போட்டு, ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். சிலருக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லப்பட்டது, சிலருக்கு முடியாது என்று. மாற்ற முடியாதவர்களுக்குத்தான் தங்கள் படம் அதிகம் பிடித்துப்போனது. மாற்றும் வாய்ப்பு நம் திருப்தியைக் குறைக்கும் என்று மக்கள் முன்கூட்டி எதிர்பார்ப்பதும் இல்லை. கதவு திறந்திருந்தால் மனசு உள்ளே உட்காராது போல.

இதை வைத்து, அப்படியானால் எல்லாக் கதவுகளையும் மூடிவிடலாம் என்று முடிவு கட்டுவது சுலபம். நம் ஊரில் அந்த முடிவு ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது. "கல்யாணம் பண்ணா எல்லாம் சரியாயிடும்", "போகப் போகப் பழகிடும்". பழகிவிடும் என்பது உண்மை, அதுதான் பயங்கரம். அந்த மாணவர்களிடம் இருந்த இரண்டு படங்களும் அவர்களே எடுத்தவை, அவர்களே விரும்பிப் பிரிண்ட் போட்டவை. எதை எடுத்தாலும் வாழ முடியும் என்ற இடத்தில் கதவு மூடுவது மனசை நிலைப்படுத்தும். ஒரு பக்கம் வாழவே முடியாது என்ற இடத்தில் கதவு மூடுவது வெறும் சிறை. அங்கே வரும் பழக்கத்தைத் திருப்தி என்று எழுதிக்கொள்வது, மூடியவர்களுக்கு வசதியான கணக்கு.

இதே விளையாட்டில் ஹார்ட்கோர் என்றொரு முறை உண்டு. அதில் பாத்திரம் ஒரு தடவை செத்தால் செத்ததுதான். விவரம் தெரிந்து, பலமுறை விளையாடி, இப்போது எனக்கு இந்தக் கனம் வேண்டும் என்று கேட்டு எடுப்பவர்களுக்கு அது இருக்கிறது. யார் மீதும் அதைச் சுமத்துவதில்லை. திருப்ப முடியாமை ஒரு சபதமாக இருக்கும்போது அதற்கு அழகு உண்டு. சபதம் எடுப்பவருக்கு எதை விடுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். முதல் லெவலில், மூன்று மரங்களும் சாம்பல் நிறத்தில் இருக்கும்போது, ஒருவரிடமிருந்து வாங்கப்படுவது சபதம் ஆகாது.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கிறது. வயது பதினைந்து, பதினாறு. வணிகவியல் எடுத்தால் பொறியியல் பக்கம் கதவு பெரும்பாலும் மூடிவிடும். கையில் இருப்பது மார்க் ஷீட், மாமா சொன்ன அறிவுரை, பக்கத்து வீட்டு அக்கா எங்கே சேர்ந்தார் என்ற தகவல். கிட்டத்தட்ட 2001-இன் ட்ரூயிட். இதில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ரீஸ்பெக் உண்டு. ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மறுபடி தேர்வு எழுதலாம், பிடிக்காத படிப்பை விட்டு இன்னொன்றில் சேரலாம், முப்பது வயதில் வெளிநாடு போய் வேறு துறை படிக்கலாம். அதையெல்லாம் பிற்பாடு 'தேடல்' என்று பேட்டியில் சொல்லவும் செய்யலாம். கடன் வாங்கிப் படிக்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அவர் அதையே செய்தால் அதன் பெயர் 'வீணாப் போயிட்டான்'. ஒரே செயல், இரண்டு பெயர். தேர்வுக்குக் கனம் வேண்டும், திருப்ப முடியாமையே மதிப்பு என்று பேசும்போது, அந்தக் கனத்தை யார் தலையில் ஏற்றுகிறோம் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஆகவே முதலில் கேட்ட கேள்விக்கு என் பதிலை இரண்டாகத்தான் பிரிக்க முடிகிறது. விதியை எழுதுபவர்களுக்கு, அது விளையாட்டை வடிவமைப்பவரோ, கல்வித்துறையோ, பெற்றோரோ, ஒரு கடமை இருக்கிறது: அறியாமல் எடுத்த முடிவைத் திருப்ப வழி வைப்பது. புள்ளியைப் போடுபவருக்கு வேறொரு கடமை: வழி இருக்கிறது என்பதற்காக முதல் தோல்வியிலேயே ஓடாமல், அந்தச் சூறாவளி எப்படி அலைகிறது என்று தெரியும்வரை அதோடு கொஞ்ச காலம் இருந்து பார்ப்பது. முதலாவதை மறந்து இரண்டாவதை மட்டும் போதிப்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லை. நமக்குக் கிடைத்த பெரும்பாலான அறிவுரைகள் அந்த வகை. முதலாவது கிடைத்துவிட்டதாலேயே இரண்டாவது தேவையில்லை என்று இருப்பவர்களையும் இப்போது நிறையப் பார்க்கிறோம். லெவல் பத்தில் மரத்தை மாற்றி, பதினைந்தில் மாற்றி, எந்தச் சினர்ஜியும் கூடாமல் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

இந்த விதியில் கடைசியாக ஒரு நுணுக்கம் இருக்கிறது. அகாரா தரும் மூன்று வாய்ப்புகளும் தீர்ந்தபின் புள்ளிகளைத் திரும்பப் பெற ஒரு டோக்கன் செய்ய வேண்டும். அதற்கு நான்கு சாரங்கள் வேண்டும். அவை ஹெல் நிலையின் பெரிய அரக்கர்களிடமிருந்துதான் விழும். யோசித்துப் பாருங்கள், பில்ட் தவறிப்போன ட்ரூயிடால்தான் ஹெல்லில் நிற்கவே முடியாதே. மாற்றம் யாருக்கு அவசரமோ அவரால் தனியாக அதைச் சம்பாதிக்க முடியாது. கூட்டத்தில் வலுவான யாராவது வந்து அந்த அரக்கனை அடித்து, விழுந்த சாரத்தை "இந்தா, நீ எடுத்துக்கோ" என்று விட வேண்டும். ஆன்லைனில் முகம் தெரியாத பலர் அதைச் செய்தார்கள், பதிலுக்கு எதுவும் கேட்காமல். வெளியேயும் நம்மில் பலருக்கு இரண்டாவது வாய்ப்பு அப்படி யாரோ ஒருவர் வழியாகத்தான் வந்திருக்கும். ஃபீஸ் கட்டிய அத்தை, ஆறு மாதம் வாடகை கேட்காத ரூம்மேட், வயசு போயிடலம்மா என்று விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த டீச்சர். அவர்கள் கொடுத்த புள்ளிகளை இந்தத் தடவை எங்கே போடுகிறோம் என்பது நம் பாடு.